மணமகளின் தாய்க்கும் ஓர் இருக்கை

பங்குக் கோவிலில் மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று. மண்டபம் பேசியாயிற்று, பாடற்குழுவினருக்கும் சொல்லியாயிற்று. இனிக் கவலையில்லை என்று அந்தத் தாய் சற்றே ஆறியிருந்த வேளையில், மகள் தயங்கித் தயங்கி வாய் திறந்தாள். "அம்மா, வேலை செய்யும் இடத்தில் தோழியர் எல்லாரும் 'பிரைடல் ஷவர்' எப்போது என்று கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னே பெண்களுக்கு மட்டும் ஒரு விருந்து வைக்க வேண்டுமாம்."

நாம் அறிந்த ஒரு பங்கில் நடந்த நிகழ்ச்சி இது. தகப்பனை இழந்த பெண். தையல் இயந்திரத்தை மிதித்தே அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் தாய். உறவினரும் தோழியரும் அக்கம்பக்கத்தாருமாக 50 பேருக்கு மாலைச் சிற்றுண்டி தர என்ன செலவாகும் என்று ஒரு சமையல் காண்டிராக்டரிடம் கேட்டார். தலைக்கு 450 ரூபாய் என்றார் அவர். மொத்தம் 22,500 ரூபாய். அலங்காரமும் கேக்கும் தனி. திருமணக் கடனே கழுத்தளவு நின்ற நேரம் அது. ஆயினும் மகள் நாலு பேர் நடுவில் தலைகுனியக்கூடாது என்று எண்ணிய தாய், தம் கையிலிருந்த இரண்டு வளையல்களை அடகு வைக்கத் துணிந்தார்.

நம் குடும்பங்கள் பலவற்றிலும் இன்று இத்தகைய சூழ்நிலை எழுகிறது. ஆகவே திருமணத்திற்கு முந்திய இந்தச் சிறு விருந்தைப் பற்றி, அதன் உணவையும் பானத்தையும் பற்றி, சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

எங்கிருந்து வந்தது?

'பிரைடல் ஷவர்' என்னும் வழக்கம் அமெரிக்க நகரங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. அதன் தொடக்கம் குறித்து ஒரு பழங்கதை உண்டு. ஹாலந்து நாட்டில் ஒரு பெண், மாவு அரைக்கும் ஆலைக்காரன் ஒருவனை விரும்பினாளாம். அவன் நல்லவன், ஆனால் உள்ளதை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துக் கொடுத்தே ஏழையானவன். அத்தகையவனுக்குப் பெண் தருவதில்லை என்றும், தந்தால் சீர் தருவதில்லை என்றும் தகப்பன் பிடிவாதமாக நின்றான். அதைக் கேள்வியுற்ற ஊரார், அவனிடம் மாவு வாங்கி உண்டவர்கள், ஒருவர் சட்டியும் ஒருவர் துணியும் ஒருவர் விளக்குமாக ஏந்திவந்து அந்தப் பெண்ணுக்குக் குடித்தனம் அமைத்துக் கொடுத்தார்களாம்.

இது வரலாறன்று, கதைதான். எனினும் அதன் கருத்தைக் கவனியுங்கள். பெண் வீட்டின் சுமையை ஊரார் பகிர்ந்துகொண்டதே அந்த விருந்து. அதே வழக்கம் நம்மிடம் வந்து சேரும்போது பெண் வீட்டின் தலையில் இன்னொரு சுமையாக ஏறுமானால், நாம் கதையின் ஓட்டை எடுத்துக்கொண்டு பருப்பை வீசிவிட்டோம் என்றே பொருள்.

மேலும், மணப்பெண்ணைச் சுற்றிப் பெண்கள் கூடி மகிழ்வது நமக்குப் புதியதா? நம் வீடுகளில் நலங்கு உண்டு. மங்களூரிலும் கோவாவிலும் வாழும் கத்தோலிக்கர், திருமணத்திற்கு முன் 'ரோஸ்' என்னும் சடங்கில் தேங்காய்ப்பாலை மணமக்கள் மீது பூசி வாழ்த்துகின்றனர். கேரளத்துக் கினானாயக் கிறிஸ்தவர்களிடையே மணப்பெண்ணுக்கு மருதாணி இடும் 'மைலாஞ்சி' உண்டு. பெயர் வேறு, உள்ளம் ஒன்றே. பிறந்த வீட்டை விட்டுப் போகும் பெண்ணைத் தொட்டு வாழ்த்தி அனுப்பும் உள்ளம் அது. எனவே பெயரைக் கண்டு மருளவும் வேண்டாம். பெயருக்காகக் கடன்படவும் வேண்டாம்.

கணக்கு முதலில்

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் சொன்ன உவமையை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். விருந்துக்கும் அது பொருந்தும்.

நாம் குறிப்பிட்ட தாயின் செய்தி அவ்வட்டார அன்பியத்துப் பெண்களின் காதுக்கு எட்டியது. அவர்கள் வளையல்களைக் கையிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தார்கள். முதலில் முடிவு செய்தது உணவை அன்று, நேரத்தை. மாலை 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடிப்பது என்று தீர்மானித்தார்கள். பாதிச் செலவை நேரமே தீர்மானிக்கிறது. பகல் 12 மணிக்கு அழைத்தால் சாப்பாடு போட்டாக வேண்டும். இரவு 7 மணிக்கு அழைத்தாலும் அப்படியே. மாலை 4 மணிக்கு வருகிறவர் சிற்றுண்டியையே எதிர்பார்க்கிறார்.

அடுத்து நாள். திருமண வேலைகள் கழுத்தை நெரிக்கும் முந்திய மாலையை விட, ஒரு வாரத்திற்கு முந்திய ஞாயிறு நல்லது. வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று ஒரு மூதாட்டி நினைவூட்டினார். வெள்ளிக்கிழமைகளில் புலால் தவிர்ப்பதைத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1251ஆம் விதி கூறுகிறது. அந்தந்த நாட்டு ஆயர் பேரவை அதற்கு ஈடாக வேறு தவமுயற்சியைக் குறிக்கவும் இடமுண்டு. எவ்வாறாயினும் ஆண்டவரின் பாடுகளை நினைக்கும் நாளில் விருந்து வைத்துவிட்டு, அதற்குச் சமாதானம் தேடிக்கொண்டிருப்பானேன்?

மூன்றாவதாகத்தான் உணவு. ஒவ்வொரு வீட்டாரும் ஒரே ஒரு பண்டத்தைச் செய்துவருவது என்று ஏற்பாடாயிற்று. ஒருவரே 50 பேருக்கு ஐந்து பண்டங்கள் செய்வது மலை. ஒரு வீட்டார் ஒன்றைச் செய்வது ஒருநாள் வேலை.

என்ன சமைப்பது?

அவர்கள் எழுதிய பட்டியலை, அளவுகளுடன் இங்கே தருகிறோம். நம் வாசகர் தத்தம் வீட்டு வழக்கப்படி கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம். யாவும் 50 பேருக்கு.

இட்லி: ஒருவருக்கு மூன்று என்று 150. இட்லி அரிசி 3 கிலோ, உளுந்து முக்கால் கிலோ. முந்திய நாளே அரைத்துப் புளிக்கவைத்து, மூன்று வீடுகளில் ஐம்பது ஐம்பதாக அவித்தால் சூடு ஆறாமல் வந்து சேரும். சாம்பார் ஒரு வீட்டாருடையது, சட்னி மற்றொரு வீட்டாருடையது.

சுண்டல்: கொண்டைக்கடலை 2 கிலோ. ஊறி வெந்தபின் அது இரண்டு மடங்குக்கு மேலாகும். முந்திய இரவே ஊறவைக்க வேண்டும். தேங்காய்த் துருவலைப் பரிமாறும் வேளையில்தான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் வெயில் காலத்தில் கெட்டுவிடும்.

கேசரி: ரவை 1 கிலோ, சர்க்கரை ஒன்றரைக் கிலோ, நெய் 400 கிராம், தண்ணீர் இரண்டரை லிட்டர். ஒருவருக்கு 100 கிராம் வீதம் தாராளமாக வரும்.

கேக்: 3 கிலோ போதும். கிலோவுக்கு இருபது துண்டு போட்டால் 60 துண்டுகள். கேசரியும் இருப்பதால் பெரிய துண்டுகள் பாதி தின்று வைக்கப்படும்.

புலால் வேண்டும் என்று விரும்புவோர் ஆட்டிறைச்சியோ மீனோ கொண்டு கட்லெட் ஒன்று மட்டும் செய்தால் போதும். பிரியாணிக்குப் போனால் சிற்றுண்டி சாப்பாடாக மாறிவிடும், செலவும் மாறிவிடும்.

இந்தப் பட்டியலில் முதியோரையும் நோயாளரையும் மறக்கலாகாது. பல் இல்லாத பாட்டிக்கு இட்லி உண்டு. சர்க்கரை நோயுள்ளவருக்குச் சுண்டலும் இனிப்பில்லாத பானமும் உண்டு. கேசரியில் ஒரு பங்கை முந்திரி போடாமல் எடுத்துவைத்தால், அது ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் இனிப்புக் கிடைக்கும். விருந்தாளி கேட்குமுன் அவருடைய தேவையை எண்ணிவைப்பதே உபசாரத்தின் உயிர்.

குடிப்பதற்கு

உணவில் கணக்குப் பார்க்கும் நாம், பானத்தில் பெரும்பாலும் கோட்டைவிடுகிறோம். புட்டிகளில் அடைத்த பானங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, பாதியைக் குடித்தும் பாதியைக் கொட்டியும் போகிறோம். ஒருவருக்கு 200 மில்லி வீதம் இரண்டு குவளை என்று வைத்தால் 50 பேருக்கு 20 லிட்டர் பானம் வேண்டும். இதில் பாதியை நீர்மோராகவும் பாதியைப் பானகமாகவும் வைக்கலாம்.

நீர்மோருக்குத் தயிர் இரண்டரை லிட்டர். அதற்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துக் கடைந்தால் 10 லிட்டர். இஞ்சி, கறிவேப்பிலை, கொத்துமல்லி, உப்பு, சிறிது பெருங்காயம்.

பானகத்திற்குக் கருப்பட்டி ஒன்றரைக் கிலோ. பனைமரத்தடியிலிருந்து வரும் கருப்பட்டியில் மண்ணும் தூசியும் இருக்கும்; எனவே முந்திய இரவே வெந்நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிவைக்க வேண்டும். மறுநாள் காய்ச்சி ஆறிய தண்ணீர் சேர்த்து 10 லிட்டராக்கி, சுக்குப்பொடி, ஏலக்காய், பத்து எலுமிச்சம்பழத்தின் சாறு ஆகியவற்றைக் கலக்க வேண்டும்.

இவற்றோடு குடிநீர் 25 லிட்டர். கடைசியில் வேண்டுவோருக்குக் காப்பி. அதற்குப் பால் 5 லிட்டர். பனிக்கட்டி சேர்ப்பதாயின் உண்பதற்கென்று செய்ததையே வாங்க வேண்டும். மீன் பொதிய வைக்கும் பனிக்கட்டி குவளைக்கு ஆகாது.

கோப்பைகளைப் பற்றியும் ஒரு சொல். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளைகளையும் தட்டுகளையும் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடை செய்தது. வாழையிலையும் வீடுவீடாகக் கேட்டுவாங்கிய எவர்சில்வர் குவளைகளும் இருக்க, குப்பை எதற்கு? குவளையின் அடியில் அந்தந்த வீட்டுப் பெயர் வெட்டியிருக்கும். மாறிப்போகும் என்ற அச்சமும் இல்லை.

கெடாமல் காக்க

அன்பைப் பகிர அழைத்துவிட்டு வயிற்றுவலியைப் பகிர்ந்தனுப்பக் கூடாது. பல வீட்டுச் சமையல் ஓரிடத்தில் கூடும்போது எச்சரிக்கை மிகுதியாக வேண்டும். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரமே எல்லை. நம் ஊர்களில் பெரும்பாலான பகற்பொழுது அத்தகையதே. ஆகவே சூடான உணவு சூடாகவே, 60 டிகிரிக்குக் குறையாமல், மேசைக்கு வர வேண்டும். தயிரும் பாலும் குளிர்ப்பெட்டியில் இருந்து கடைசியில் வர வேண்டும்.

எலுமிச்சைச் சோறு, தக்காளிச் சோறு என்று காலையிலேயே கலந்துவைப்பது நம்மிடையே சாதாரணம். அரிசியோடு வரும் ஒருவகைக் கிருமியின் வித்து, சோறு கொதிக்கும் சூட்டிலும் சாவதில்லை. சோறு வெளியில் ஆறிக்கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகிறது. அந்த நஞ்சு, மீண்டும் சுடவைத்தாலும் அழிவதில்லை. எனவே சோறு வகை வேண்டுமானால் பரிமாறும் நேரத்தை ஒட்டியே வடிக்க வேண்டும்.

'பிரைடல் ஷவர்' என்றதும் சிலர் மயோனைஸ் தடவிய சாண்ட்விச்சை நினைக்கிறார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்ததை நினைவில் கொள்வது நல்லது. புதினாச் சட்னி தடவினால் சுவைக்கும் குறைவில்லை, அச்சமும் இல்லை.

மறைவில் ஒரு விருந்து

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாம் கடமை தவறியவராவோம். வீட்டினுள்ளே பெண்கள் கூடியிருக்க, மொட்டைமாடியில் ஆண்களுக்கென்று வேறொரு விருந்து நடப்பதுண்டு. "நாலு பேர் வந்தால் ஊற்றாமல் முடியுமா?" என்று கேட்பார்கள். கேட்டால், கானாவூரில் ஆண்டவரே இரசம் தந்தாரே என்று மறைநூலைத் துணைக்கு அழைப்பார்கள்.

கானாவூரில் மணவீட்டார் மறைந்து குடிக்கவில்லை. மணவீட்டின் மானம் போகாதிருக்கவே ஆண்டவர் அருள் செய்தார். மாடியில் நடக்கும் விருந்தோ மணவீட்டின் மானத்தை வாங்குவது. நமது சமையற்கட்டுக் கணக்கில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, மாடிக் கணக்கில் பத்தாயிரத்தைக் கரைப்பது எந்த நியாயம்? புது வாழ்வு தொடங்கும் பெண், தன் வீட்டாரின் தள்ளாட்டத்தைப் பார்த்துக்கொண்டா புறப்பட வேண்டும்? பெண்ணின் உடன்பிறந்தாரும் மாமன்மாரும் இதில் உறுதியாக நிற்க வேண்டும். அவர்களுக்கும் வேலை உண்டு: நாற்காலி போடுவது, தண்ணீர் சுமப்பது, பரிமாறுவது. பெண்களின் விருந்தில் ஆண்கள் பரிமாறினால் வானம் இடிந்துவிடாது.

பரிசுகளைக் குறித்தும் அப்படியே. இன்ன குக்கர், இன்ன நிறுவனத்துக் குளிர்ப்பெட்டி என்று பட்டியல் அனுப்பினால் அது அன்பளிப்பாகாது. வரதட்சணையை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. முன்வாசலில் தடுத்ததைப் பரிசு என்ற பெயரால் பின்வாசலில் வரவிடலாமா? அந்த அன்பியத்துப் பெண்கள் ஒவ்வொருவரும் தம் சமையலில் கைவந்த ஒரு பண்டத்தின் செய்முறையைத் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நோட்டுப் புத்தகமே நிறைந்தது. புகுந்த வீட்டு அடுப்படியில் அதைவிட உதவும் பரிசு எது?

பால் குறைந்தபோது

அந்த ஞாயிறு மாலை வந்தது. மணப்பெண்ணுக்கு உள்ளூரக் கலக்கம். பலூன் வளைவும் பளபளக்கும் மேசையும் எதிர்பார்த்துவரும் தோழியர், இட்லியையும் சுண்டலையும் கண்டு என்ன நினைப்பார்களோ என்று. நாம் பொய் சொல்ல விரும்பவில்லை: ஒரு சிலர் முகத்தில் வியப்புத் தெரியத்தான் செய்தது. சுண்டலில் உப்பும் சற்றுக் குறைவு. ஆனால் ஒரு மூதாட்டி மணப்பெண்ணின் கன்னத்தில் சந்தனம் தடவி நெற்றியில் சிலுவை வரைந்தபோது, வந்தவர்கள் தாங்களும் வரிசையில் நின்றார்கள். முதலில் தீர்ந்துபோனது பானகம்.

ஐந்தரை மணிக்குக் காப்பி வேண்டுவோர் கணக்கை மீறினர். பால் போதாது என்பதை முதலில் கண்டவர் அந்த மூதாட்டிதான். அவர் யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் நின்ற தம் பேரனை விரலால் அழைத்துக் காதில் ஏதோ சொன்னார். கால்மணி நேரத்தில் சிறுவன் பால் பைகளோடு பின்வாசல் வழியாக வந்தான். காப்பி தடைபடவில்லை. மணப்பெண்ணின் தாய்க்கு அது தெரியவே தெரியாது. பால் கொண்டுவந்த சிறுவனுக்குத்தான் தெரியும்.

கானாவூரிலும் இப்படித்தானே நடந்தது? ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று குடம் கொள்ளும் என்று யோவான் எழுதுகிறார். இன்றைய அளவில் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 500 முதல் 700 லிட்டர். அவ்வளவு பெரிய கொடையின் தொடக்கம், ஒரு தாயின் கண் ஒரு குறையைக் கண்டதுதான். பந்தி மேற்பார்வையாளர் அறியார், மணமகன் அறியான், தண்ணீர் சுமந்த பணியாளர்களே அறிவர். குறையைக் கண்டவர் அதைப் பறைசாற்றவில்லை; சொல்ல வேண்டிய ஒருவரிடம் சொன்னார். நம் விருந்துகளில் குறை காண்போர் பலர். அதை மறைத்துத் தீர்ப்போர் எத்தனை பேர்?

விருந்து முடிந்தபின் மீந்ததைச் சிதறாமல் சேர்த்தார்கள். இட்லி முப்பதுக்கு மேல் இருந்தது. சூடு ஆறுமுன்பே அதைத் தெருமுனையில் வீடு கட்டும் வேலையில் இருந்த தொழிலாளரின் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விருந்து வைக்கும்போது கைம்மாறு செய்ய இயலாதவரை அழைக்கும்படி ஆண்டவர் கூறியதை அவர்கள் மறக்கவில்லை. அடுத்த முறை மீந்ததைக் கொடுக்காமல் முதலிலேயே அழைக்க வேண்டும் என்று அன்பியக் கூட்டத்தில் பேசிக்கொண்டதாகவும் கேள்வியுற்றோம். பல வீட்டார் பகிர்ந்துகொண்ட மொத்தச் செலவு 5,000 ரூபாயைத் தாண்டவில்லை.

நம் உள்ளத்தில் நிலைத்த காட்சி வேறொன்று. அந்த வாரம் முழுவதும் கடைக்கும் வங்கிக்கும் தையற்கட்டுக்குமாக ஓடிய தாய், அன்று மாலை இரண்டு மணி நேரம் அடுப்படிப் பக்கம் போகவே இல்லை. போக எழுந்தபோதெல்லாம் யாரேனும் ஒருத்தி தோளை அழுத்தி உட்காரவைத்தாள். மகளின் பக்கத்தில் ஒரு நாற்காலியில் அவர் அமர்ந்திருந்தார். இருவரும் அதிகம் பேசவில்லை. மகள் தன் தட்டிலிருந்த கேசரியைப் பிட்டுத் தாயின் வாயில் ஊட்டினாள். அவர் கையில் வளையல்கள் இரண்டும் இருந்தன.

அன்பர்களே, நம் பங்குகளில் இனி ஓலை வாசிக்கும்போது ஒன்றைச் செய்வோம். மணமக்களின் பெயரைக் கேட்டுத் தலையசைப்பதோடு நில்லாமல், அந்த வீட்டுத் தாயை நினைப்போம். அந்த வீட்டிற்குப் போய், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க வேண்டாம், மானமுள்ளவர் ஒன்றும் வேண்டாம் என்றே சொல்லுவார். "சுண்டல் எங்கள் வீட்டிலிருந்து வரும்" என்று சொல்லிவிட்டு வருவோம். மகளின் அருகில் தாய்க்கு ஓர் இருக்கை கிடைக்க அது போதும். கானாவூரில் குறை கண்டு பரிந்த அன்னை, நம் இல்லங்களின் குறைகளையும் தம் திருமகனிடம் எடுத்துரைப்பாராக!